நத்தை ஆத்து ஊர்க்காரி சொல்ற கப்பல் சாப்பாட்டு வழிகாட்டி

எங்க ஊரு மலேசியாவுல இருக்கிற சுங்கை சிப்புட். சுங்கைன்னா ஆறு, சிப்புட்னா நத்தை, மலாய் தெரிஞ்சவங்களுக்கு சொல்லவே வேணாம். இப்படி நத்தை ஆத்துலயே பொறந்து வளர்ந்த நான் நத்தைய மொத மொதல்ல வாயில வச்சது சிங்கப்பூர்ல இருந்து கெளம்பின ஒரு சுற்றுலா கப்பல்ல, வெள்ளத்துணி விரிச்ச மேசைல, பக்கத்துல அம்மா "சிவ சிவா"ன்னு கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்க. அந்த கதை கீழ வரும்.

போயிட்டு வந்ததுல இருந்து கோயில்ல, பசார் மாலாம்ங்கிற ராத்திரி சந்தைல, எங்க பாத்தாலும் ஒரே கேள்விதான், கப்பல்ல என்னா சாப்டீங்க. இப்ப நம்ம ஊர்லயே நெறைய பேரு போயிட்டு வராங்க, அவங்கள நான் திருப்பி கேட்டா சொல்ற பதில்ல வயிறு எரியுது: நாசி கோரேங், பொரிச்ச கோழி, மீ கோரேங், கொஞ்சம் தர்பூசணி. ஏங்க, இதெல்லாம் பஸ் ஸ்டாண்டு ஒட்டுக்கடைலயே கெடைக்குதே, அதுவும் சம்பாலோட. அவ்ளோ வெள்ளி (ரிங்கிட்) கட்டி கப்பல் ஏறி அத ஏன் தின்னணும்? விசயம் என்னன்னா, கப்பல்ல நல்ல சாப்பாடு மேல்மாடி பஃபேல இல்ல, உக்காத்தி வச்சி பரிமாறுற டைனிங் ரூம்ல இருக்கு, அதுக்கு தனிக்காசும் கெடையாது. நம்ம ஆளுங்க அங்க போகவே கூச்சப்படுறாங்க. அதான் இத எழுதுறேன்.

டிக்கெட் போடும்போதே பண்ண வேண்டியது

கப்பல் டிக்கெட்ல எதெல்லாம் சேந்திருக்குன்னு முதல்ல தெரிஞ்சிக்கோங்க. பொதுவா மூணு வேளை டைனிங் ரூம் சாப்பாடு, பஃபே (ராயல் கரீபியன் கப்பல்ல விண்ட்ஜாமர்னு போட்டிருக்கும், கெந்திங் டிரீம்ல லிடோ), சாதா தண்ணி, சாதா டீ காப்பி, இதெல்லாம் உள்ளுக்குள்ளயே வந்துரும். கோக், பீர், நொரை போட்ட காப்பி, ஸ்டேக் ஹவுஸ், ஜப்பான் கடை மாதிரி தனி ரெஸ்டாரண்டு, இதெல்லாம் வெளிய. டிப்ஸ்னு ஒரு தொகைய ஆளுக்கு நாளுக்கு இவ்ளோன்னு அவங்களே கணக்குல ஏத்திருவாங்க, குடிக்கிற ஐட்டத்துக்கு மேல பல கம்பெனில 18ல இருந்து 20 சதவீதம் சர்வீஸ் தனியா ஏறும். எங்க அண்ணனுக்கு இது தெரியாது. கோக்கு கேட்டாரு, அறை கார்ட வாங்கி தட்டுனாங்க, கையெழுத்து போட்டாரு, ஃப்ரீன்னு நெனச்சிக்கிட்டு நாளுக்கு நாலு கோக்கு, கூடவே மகனுக்கு ஜூஸ். அந்த பில்லு கதையும் கடைசில வரும்.

அடுத்தது ராத்திரி சாப்பாட்டு நேரம். ரெண்டு மாதிரி இருக்கும். ஒண்ணு, தெனமும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே வெயிட்டர். இன்னொண்ணு நெனச்ச நேரம் வர்றது. பெரும்பாலான பேரு ரெண்டாவதுதான் வசதின்னு நெனப்பாங்க, நான் மொதல்லதுதான்னு அடிச்சு சொல்லுவேன், ஏன்னா ஒரே வெயிட்டர்னா ரெண்டாவது நாளே ஒங்க வீட்டு ஆளுங்க என்ன திம்பாங்க என்ன திங்க மாட்டாங்கன்னு அவருக்கு மனப்பாடம் ஆயிரும், நம்ம காரம் தெரிஞ்சிரும், அம்மாவுக்கு சுடுதண்ணின்னு சொல்லாமலே வந்துரும். எங்களுக்கு வந்தவரு இந்தோனேசியாக்காரரு, சுராபாயா பக்கம். இங்கிலீசுல தடவித் தடவி பேசிக்கிட்டு இருந்த அம்மா அவரு மலாய் பேசுறது தெரிஞ்ச உடனே தோட்டத்து பாசார் மலாய எடுத்து விட்டாங்க பாருங்க, அவரும் சிரிச்சிக்கிட்டே "பாயிக் இபு"ன்னு. அதுக்கு அப்பறம் எங்க மேசைக்கு ராசியே தனி. கப்பல் வேலைல இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியாக்காரங்கதான் நெறைய, அதனால மலேசியாக்காரங்களுக்கு பாஷை ஒரு பெரிய சொத்து, பயன்படுத்துங்க.

சைவம், மாட்டுக்கறி வேணாம், கடலை அலர்ஜி, இந்த மாதிரி எதுவா இருந்தாலும் புக் பண்ணும்போதே எழுதிக் குடுத்துருங்க, ஏறின பெறகும் ஹெட் வெயிட்டர்கிட்ட ஒரு தடவை வாயால சொல்லிருங்க. எழுதுனது சில நேரம் சமையக்கட்டு வரைக்கும் போகாது. கெந்திங் டிரீம்ல இந்திய சைவத்துக்கும் ஹலாலுக்கும் தனி ஏற்பாடே இருக்கு, ராயல் கரீபியன் டைனிங் ரூம் மெனுல இந்திய சைவம் ஒண்ணு ராத்திரிக்கு இருக்கும், இதெல்லாம் தெரியாம எங்க அத்தை ஒருத்தங்க மூணு நாளும் பிரெட்டும் வாழப்பழமும் தின்னுட்டு வந்தாங்க.

பெட்டில என்ன வைக்கலாம்

வீட்டுல செஞ்ச சாப்பாட்ட பெரும்பாலும் விட மாட்டாங்க. கடைல வாங்குன சீல் ஒடைக்காத முறுக்கு, பிஸ்கட், ஊறுகா பாக்கெட்டு பரவால்ல. ரைஸ் குக்கர், சுடுதண்ணி கெட்டில், இந்த மாதிரி சூடாகுற கரண்டு சாமான் எதுவும் கொண்டு போகாதீங்க, ஸ்கேன்ல பாத்து எடுத்து வச்சிருவாங்க, கப்பல்ல தீ பிடிச்சா ஓட எடம் இல்ல, அவங்க பயம் நியாயம்தான். மேகி கப் வேணும்னா பஃபேல சுடுதண்ணி இருக்கு.

கட்டாயம் கொண்டு போக வேண்டியது த்ரீ இன் ஒன் தே தாரேக் பாக்கெட்டு. கப்பல் டீன்னா சுடுதண்ணி, டீ பேக்கு, ஒரு சின்ன டப்பா பால், அவ்ளோதான். ஆம்பளைங்களுக்கு ஒரு பாத்தேக் (மெழுகு அச்சு போட்ட துணி) சட்டை, நீளக்கை. ஃபார்மல் நைட்டுன்னு ஒரு ராத்திரி வச்சிருப்பாங்க, கோட்டு சூட்டு வாங்கணுமோன்னு அண்ணன் ஈப்போ வரைக்கும் போயி வெல கேட்டுட்டு வந்தாரு, பாத்தேக் சட்டையே போதும், பொம்பளைங்களுக்கு சேலை. அரைக்கால் சட்டை, சிலிப்பரோட மட்டும் டைனிங் ரூம் வாசலுக்கு போயி நிக்காதீங்க.

ஏறின நாளு

மதியம் எல்லாரும் பெட்டிய இழுத்துக்கிட்டு நேரா பஃபேக்கு ஓடுவாங்க. தைப்பூசத்துல தண்ணிப்பந்தல் மாதிரி இருக்கும். நீங்க ஓடாதீங்க. பல கப்பல்ல மொத நாளு மதியமும் டைனிங் ரூம் தெறந்திருக்கும், வெளிய போர்டு கூட பெருசா வச்சிருக்க மாட்டாங்க, அங்க இருக்கிற ஆளுங்கள கேளுங்க. காத்தோட்டமா உக்காந்து சாப்புட்டுட்டு வரலாம்.

பஃபேக்கே போறீங்கன்னா, தட்டு எடுக்காம ஒரு சுத்து சுத்தி வாங்க. இது என்னோட கண்டிப்பான ரூல். வாசல்லயே சோறு, மீ, உருளைக்கெழங்குன்னு வயித்த அடைக்கிற ஐட்டமா வச்சிருப்பாங்க, நல்ல சரக்கெல்லாம் உள்ள தள்ளி இருக்கும், பொக போட்ட மீன், சீஸ், அங்கயே அறுத்து குடுக்கிற ஆட்டுக்கால், சுடச்சுட ரொட்டி. கப்பல் ரொட்டி தெனமும் அங்கயே சுடுறது, பொழுது விடியுறதுக்கு முன்னாடியே அடுப்பு எரியும், அத சாதாரணமா நெனச்சிராதீங்க, எனக்கு அந்த பிரெட்டு வாசம்தான் இன்னும் மூக்குல இருக்கு.

அப்பறம் கை. சோப்பு போட்டு இருவது விநாடி கழுவுங்க. வாசல்ல பீச்சுற சானிடைசர் மட்டும் பத்தாது, கப்பல்ல கூட்டத்தோட கூட்டமா பரவுற நோரோவைரஸுக்கு அந்த சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும்தான். ஒரே கரண்டிய ஆயிரம் பேரு தொடுற எடம், எடுத்து முடிச்சு உக்காரும்போது இன்னொரு தடவை கழுவுனாலும் தப்பில்ல. வயித்தால போறவங்கள அறைக்குள்ளயே இருக்கச் சொல்லிருவாங்க, அப்பறம் என்ன நத்தை, என்ன இறால்.

டைனிங் ரூம்ல உக்காந்தாச்சு, இனிமே

மேசைல நாலு முள்ளுக்கரண்டி, மூணு கத்தி பாத்து பயந்துராதீங்க. வெளிப்பக்கம் இருக்கிறத முதல்ல எடுங்க, ஒவ்வொரு ஐட்டம் முடிய முடிய உள்ள வாங்க, அவ்ளோதான் ரகசியம். எடது பக்கம் இருக்கிற சின்ன தட்டு ரொட்டிக்கு. எங்க அம்மா மொத நாளு ஸ்பூனாலயே எல்லாத்தையும் சாப்டாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல, ரெண்டாவது நாளு கையாலயே சாப்டாங்க, பக்கத்து மேசை ஆஸ்திரேலியாக்கார கெழவி சிரிச்சிக்கிட்டே பாத்தாங்க, அதுக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல.

மெனு மூணு பகுதியா இருக்கும், முன்னாடி கொறிக்கிறது, நடு சாப்பாடு, இனிப்பு. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்னு எங்கயும் எழுதல. ரெண்டு ஸ்டார்ட்டர் கேக்கலாம். நடு சாப்பாட்ட கேக்காம மூணு ஸ்டார்ட்டர் மட்டும் கேக்கலாம். ஒரு ஐட்டம் எப்படி இருக்குன்னு பாக்க மேசைக்கு நடுவுல ஒண்ணு கேக்கலாம். பிடிக்கலன்னா வேற கேக்கலாம், மொகம் சுளிக்க மாட்டாங்க. இந்த ஒரு விசயம் தெரியாமதான் நம்ம ஆளுங்க, "எதுக்கு வம்பு"ன்னு தெரிஞ்ச கோழியவே கேட்டுட்டு எந்திரிச்சி வந்துர்றாங்க. அதனால குடும்பமா போனா ஆளுக்கு ஒண்ணு வேற வேறயா கேளுங்க, தட்ட சுத்தி விடுங்க, நம்ம வீட்டு சாப்பாடு அப்படித்தானே.

சரி, என்ன கேக்குறது. எனக்கு புடிச்சதுல இருந்து வரேன்.

நத்தை. மெனுல எஸ்கார்கோன்னு இருக்கும். பிரெஞ்சுக்காரங்க ஐட்டம். ஒரு சின்ன பீங்கான் தட்டு, பணியாரச்சட்டி மாதிரி ஆறு குழி, ஒவ்வொரு குழிலயும் ஒரு நத்தை, ஓடு கெடையாது, மேல பூண்டும் பார்ஸ்லி எலையும் அரைச்ச வெண்ணெ கொதிச்சிக்கிட்டே வரும். நம்ம பக்கத்து கம்போங்ல சிப்புட் செடுட்ட தேங்காப்பால்ல மஞ்சா போட்டு வைப்பாங்க, வாய வச்சி உறிஞ்சி எடுக்கணும், அந்த வாசத்துக்கே அம்மா ரோட்டுக்கு அந்த பக்கம் போயிருவாங்க. இது அப்படி இல்ல. கடிச்சா கொஞ்சம் கணவாய், கொஞ்சம் காளான், நடுவுல பூண்டு. உண்மைய சொன்னா நத்தைக்குன்னு பெருசா ருசி இல்ல, அந்த வெண்ணெக்குத்தான் எல்லா மரியாதையும், அதனால ஆறையும் எடுத்த பெறகு தட்ட குடுத்துராதீங்க, ரொட்டிய பிச்சி அந்த ஆறு குழிலயும் தொட்டு தொடச்சி சாப்புடுங்க. அண்ணன் மகன் முதல்ல "அத்தை நீங்க சாப்டு காட்டுங்க"ன்னான், காட்டுனேன், அடுத்து அவன் தனியா ஒரு தட்டு கேட்டான், மறுநாளு ரெண்டு.

சில்லுன்னு ஒரு பழ சூப்பு. இத நெறைய பேரு தாண்டி போயிர்றாங்க. ஸ்ட்ராபெரி, மாம்பழம், பீச், நாளுக்கு ஒண்ணு மாறும். அகலமான தட்டுல ரோஸ் கலர்ல வந்துச்சு, அம்மா ஆவி வருதான்னு ஊதி ஊதி பாத்தாங்க, அப்பறம் ஒரு ஸ்பூன் வச்சிட்டு என்ன திரும்பி பாத்து, "பாப்பா, இது பண்டுங் இல்ல?" அப்படின்னாங்க. சரியாதான் சொன்னாங்க, பண்டுங்னா நம்ம ஊரு ரோஸ் பால், இது ரோஸ் சிரப்பு இல்லாத கெட்டி பண்டுங். காரசாரமா திங்கிறவங்களுக்கு ஸ்டார்ட்டரா இது ஒத்து வராது, கடைசில இனிப்புக்கு பதிலா கேளுங்க, கொண்டு வந்து குடுப்பாங்க.

இறால் காக்டெய்ல். குடிக்கிறது இல்ல. அவிச்ச இறால ஐஸ் மேல வச்சி, தக்காளி சாஸ்ல குதிரைமுள்ளங்கி கலந்து குடுப்பாங்க, மூக்குல ஏறும். எனக்கு சுமார்தான். நம்ம இறால் சம்பால் தின்ன நாக்குக்கு அது ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருந்துச்சு.

வெங்காய சூப்பு, பிரெஞ்சு ஆனியன். வெங்காயத்த மணிக்கணக்கா செவக்க வதக்கி, மேல ரொட்டி, சீஸ் போட்டு அடுப்புல காட்டி எடுக்கிறது. பேரு வெங்காயம்னு நம்பி சைவம்னு நெனச்சிராதீங்க, பொதுவா மாட்டு எலும்பு தண்ணிலதான் வைப்பாங்க. இங்கதான் நம்ம ஆளுங்க மாட்டிக்கிறாங்க, அதனால மாடு, பன்னி சேத்துக்காதவங்களுக்காக நான் நோட்டுல எழுதி வச்சத அப்படியே போடுறேன். வறுத்த கறி, அது ஆட்டுக்கறியாவே இருந்தாலும், மேல ஊத்துற பளபளன்னு இருக்கிற பிரவுன் கிரேவி பல நேரம் மாடு இல்ல கன்னுக்குட்டி எலும்புல காச்சுனது. சீசர் சாலட்டுன்னு வெறும் கீரை மாதிரி வரும், அதுல ஊத்துற சாஸ்ல நெத்திலி அரைச்சிருக்கும், ஆமா நம்ம இக்கான் பிலிஸ் ஜாதிதான், மேல பொடிப்பொடியா தூவுறது பன்னி பேக்கனா இருந்தாலும் இருக்கும். முஸ், பன்னா கோட்டா, மார்ஷ்மெல்லோ மாதிரி தளதளன்னு இருக்கிற இனிப்புல ஜெலட்டின் போடுவாங்க, அது மாட்டுத்தோலு இல்லன்னா பன்னித்தோலுல எடுக்கிறது. சுத்த சைவமா இருக்கிறவங்க இது எல்லாத்துக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாய்ல வைங்க. முட்டை சேத்துக்காதவங்க கேக்குல இருந்து ஐஸ்கிரீம் வரைக்கும் கேக்கணும், அவங்களுக்கு பழம்தான் பயமில்லாதது.

நடு சாப்பாட்டுல எங்க ஓட்டு ஆட்டுக்கு. லாம்ப் ஷேங்க்னு ஒரு முழு கீழ்க்கால் வரும், ரெண்டு மூணு மணி நேரம் மெதுவா வேக வச்சது, கத்தியே வேணாம், முள்ளுக்கரண்டி பட்டா எலும்ப விட்டு கழண்டுரும், மசாலா கம்மிதான், ஆனா கறி வெந்த பதத்துக்கு நம்ம தீவாளி ஆட்டுப் பெரட்டல் வைக்கிற பெரியம்மாங்க வந்து பாக்கணும். வாத்து இருந்தா அதையும் விடாதீங்க. ரிசோட்டோ மட்டும் யோசிச்சு கேளுங்க, இத்தாலி அரிசி, நடுவுல ஒரு கடி இருக்கிற மாதிரிதான் எறக்குவாங்க, அதான் அவங்க பதம், அம்மா ஒரு வாய் வச்சிட்டு "அரிசி வேகல"ன்னு வெயிட்டர கூப்புட்டு உள்ள அனுப்பிட்டாங்க, அவரும் பாவம் இன்னும் கொழைய வச்சி கொண்டாந்தாரு.

ஃபார்மல் நைட்டுல சில கப்பல்ல லாப்ஸ்டர் வாலு வரும். ஒண்ணு டிக்கெட்ல சேத்தி, ரெண்டாவதுக்கு இப்ப பல எடத்துல காசு கேக்குறாங்க, அதனால மொதல்லயே கேட்டுட்டு கைய நீட்டுங்க. கறிய ஓட்டுல இருந்து வெயிட்டரே எடுத்து குடுப்பாரு, சும்மா முட்டி மோதாதீங்க. ருசி எப்படின்னா, நம்ம ஊரு பெரிய இறாலுக்கும் இதுக்கும் தூரத்து சொந்தம்தான், அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம் கொஞ்சம் ஓவர்னுதான் எனக்கு பட்டுச்சு. அண்ணி ஒத்துக்க மாட்டாங்க, அவங்களுக்கு அந்த ராத்திரிதான் கப்பலே.

காரம் வேணும்னா வெக்கப்படாம கேளுங்க. சிலி பாடிய (ஊசி மொளகா) வெட்டி சோயா சாஸ்ல போட்டு தாங்கன்னா கொண்டாந்து வைப்பாங்க, சமையக்கட்டுல வேலை செய்றவங்களே அதத்தான் திங்கிறாங்க. மூணாவது நாளு எங்க ஆளு கேக்காமலே கொண்டு வந்து வச்சாரு.

இனிப்பு, அதுலயும் ஒண்ணு

பேக்ட் அலாஸ்கா. கீழ கேக்கு, நடுவுல கட்டி ஐஸ்கிரீம், மேல முட்டை வெள்ளைக்கருவ சர்க்கரையோட நொரை நொரையா அடிச்சு மூடி, அப்படியே சூட்டுல காட்டி மேல மட்டும் செவக்க விட்டு கொண்டு வருவாங்க. உள்ள ஐஸ்கிரீம் உருகாது. எப்படின்னு அண்ணன் மகன் கேட்டுக்கிட்டே இருந்தான், அந்த நொரை முழுக்க காத்து, கீழ கேக்குலயும் காத்து, காத்து சூட்ட சட்டுனு உள்ள விடாது, ஐஸ் பெட்டில வெள்ள ஸ்டைரோஃபோம் வேலை செய்ற மாதிரிதான். அலாஸ்காங்கிறது 1867ல அமெரிக்கா ரஷ்யாகிட்ட இருந்து வாங்கின பனி பிரதேசம், அதான் பேரு. சில கப்பல்ல கடைசி ராத்திரிக்கு முன்னாடி வெயிட்டருங்க எல்லாரும் இத தூக்கிக்கிட்டு நாப்கின சுத்திக்கிட்டு ஊர்வலமா வருவாங்க, நாமளும் நாப்கின சுத்தணும். அம்மா சுத்துனாங்க. நான் வீடியோ எடுத்து வச்சிருக்கேன், யாருக்கும் அனுப்பக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.

கிரெம் புருலேயும் கேளுங்க, நம்ம கேரமல் புட்டிங்கோட பணக்கார தங்கச்சி, மேல சர்க்கரை கண்ணாடி மாதிரி இருக்கும், ஸ்பூனால தட்டி ஒடைக்கிற சத்தத்துக்கே கேக்கலாம்.

பசியாறல்

காலைல பஃபேல கூட்டம், டைனிங் ரூம்ல ஆளே இல்ல, எத சொல்றேன்னு புரியும். எக் பெனடிக்ட் கேளுங்க. சின்ன ரொட்டி மேல பதமா வேக வச்ச முட்டை, மேல வெண்ணெ, மஞ்சக்கரு, எலுமிச்ச சேத்த மஞ்ச சாஸு. சாதாரணமா நடுவுல பன்னித்தொட வைப்பாங்க, அதுக்கு பதிலா பசலக்கீரை இல்லன்னா பொக போட்ட சால்மன் வச்சி தரச் சொல்லுங்க, ரெண்டும் அவங்களுக்கு பழக்கமான ஐட்டம்தான். கத்தி பட்ட உடனே மஞ்சக்கரு வழிஞ்சி எறங்கும், கோப்பித்தியாம் (காப்பிக்கடை) ஆஃப் போயில் முட்டை தின்னு வளர்ந்த நமக்கு இது தாய்வீடு மாதிரி, சோயா சாஸும் மொளகுத்தூளும்தான் மிஸ்ஸிங்.

இந்திய கவுன்ட்டரு பத்தி கேப்பீங்க. சிங்கப்பூர்ல இருந்து போற கப்பல்ல இந்தியாவுல இருந்து வர்றவங்க நெறைய, அதனால பஃபேல பருப்பு, பனீர், நான், சோறு எப்பவும் இருக்கும், சில காலைல இட்லியும் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு, வடக்கத்தி கைப்பக்குவம், இனிச்சிக்கிட்டே இருக்கும். வயித்துக்கு சரியில்லாத நாளு, புள்ளைங்க அடம் புடிக்கிற நாளு அங்க போங்க. மத்தபடி வீட்டுல கெடைக்காதத தேடி போங்க.

கப்பல் ஆடுச்சுன்னா

மலாக்கா சலசந்தில பெரும்பாலும் ஆட்டம் இருக்காது, தட்டுல தண்ணி வச்ச மாதிரிதான். ஆனாலும் அண்ணிக்கு ஒரு ராத்திரி தலை சுத்துச்சு. காலி வயித்தோட படுக்காதீங்க, அது இன்னும் மோசம். இஞ்சி, உப்பு பிஸ்கட்டு, பச்ச ஆப்பிள், இது மூணும் கேட்டா எந்த கப்பல்லயும் குடுப்பாங்க. கீழ் தளத்துல, கப்பலோட நடுப்பக்கமா போயி உக்காருங்க, அங்கதான் ஆட்டம் கொறச்சல்.

எங்க தாத்தா ஆட்டத்த பத்தி சொன்னா இதெல்லாம் சிரிப்பா இருக்கும். அவரு நாகப்பட்டணத்துல ரஜூலா ஏறி பினாங்குல எறங்குனவரு. 1926ல கட்டின கப்பல் அது, நம்ம தாத்தா பாட்டிங்க பாதி பேரு அதுலதான் வந்திருப்பாங்க. டெக்குல பாய விரிச்சி, தகர தட்டுல சோறும் தண்ணியா ஒரு பருப்பும், தின்னதுல பாதி கடலுக்குன்னு சொல்லுவாரு. கப்பலுக்கு போறோம்னு சொன்னப்ப அம்மா மொதல்ல ஒரு பையில அவல் எடுத்து வச்சாங்க, அது அவங்க அப்பா பழக்கம்.

கப்பல் ஊருக்கு ஊரு நிக்கும்போது

பினாங்குல நின்னுச்சுன்னா சுவெட்டன்ஹாம் பியர்லதான் கட்டுவாங்க, நடந்து போனா லிட்டில் இந்தியா பக்கம்தான். எல்லாரும் நாசி கண்டார் சோத்துக்கு ஓடுவாங்க. வெளிநாட்டுக்காரங்க ஓடட்டும், நமக்கு அது ஈப்போல பஸ் ஏறுனா வர்ற தூரம்தானே. நான் எறங்கல. அன்னைக்கு மதியம் கப்பல்ல பாதி ஆளு இல்ல, சாயங்கால டீக்கு பூரா எடமும் காலி, ஸ்கோன்னு ஒரு மெத்து மெத்து பன்னு, கெட்டி கிரீம், ஜாமு, ஜன்னல் பக்கம் உக்காந்து பினாங்கு பாலத்த பாத்துக்கிட்டே நாலு தின்னேன். என் வாழ்க்கைல அவ்ளோ பெரிய மனுசி மாதிரி நான் உக்காந்ததே இல்ல.

தனிக்காசு ரெஸ்டாரண்டுக்கு போயே ஆகணுமா? ஒரு தடவை போகலாம், கண்டிப்பா இல்ல. போறதா இருந்தா ஏறின மொத நாளே போயி கேளுங்க, கூட்டம் இல்லாத ராத்திரிக்கு சில கப்பல்ல வெல கொறச்சி தருவாங்க. ஸ்டேக் ஹவுஸ்ல மாடுதான் ராஜா, மாடு திங்காத குடும்பம் அங்க போயி கோழி கேக்குறது காசுக்கு கேடு.

கடைசி ராத்திரி, கடைசி காலை

கடைசி ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அறை டிவிலயோ ஆப்லயோ கணக்க தெறந்து வரி வரியா பாருங்க. குடிக்காதது, திங்காதது ஏறியிருந்தா அன்னைக்கு ராத்திரியே கவுன்ட்டருக்கு போங்க, காலைல போனா கியூ படிக்கட்டு வரைக்கும் நிக்கும். எங்க கணக்குல தப்பு ஒண்ணும் இல்ல, எல்லாம் அண்ணனோட கோக்குதான், பதினேழு கோக்கு, ஆறு ஜூஸ், எல்லாம் அமெரிக்க டாலர்ல, அதுக்கு மேல சர்வீஸ். அண்ணி கால்குலேட்டர எடுத்து வெள்ளியா மாத்தி காட்டுனாங்க. அவரு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

மேசை வெயிட்டருக்கு தனியா ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சுன்னா கடைசி ராத்திரியே கவர்ல போட்டு கைல குடுத்துருங்க, மறுநாளு அவர பாக்கவே முடியாது. அம்மா கவரோட சேத்து அந்த அவல் பையையும் குடுத்தாங்க, சீல் கூட ஒடைக்கல, கடை அவல்தான். தேங்கா துருவி சீனி போட்டு சாப்புடணும்னு மலாய்ல விளக்கம் வேற.

காலைல பசியாறல் சீக்கிரமே மூடிருவாங்க, ஏழு மணிக்குள்ள போயிருங்க. பழம், சாண்ட்விச்சு, எதையும் பையில போட்டு எறங்காதீங்க, கரைல கொரன்டின் ஆளுங்க பாப்பாங்க, அபராதம் போட்டா அந்த ஆப்பிள் தங்க வெல ஆயிரும். அப்பறம் சிங்கப்பூர்ல ரெண்டு கப்பல் டெர்மினல் இருக்கு, மரினா பே ஒண்ணு, ஹார்பர்ஃபிரண்ட் ஒண்ணு, எதுல எறங்குறீங்கன்னு பாத்துட்டு ஈப்போ பஸ்ஸுக்கு டிக்கெட் போடுங்க, நாங்க தப்பா கணக்கு போட்டு டாக்சிக்கு அழுதோம். பஸ்ஸுல ராத்திரிக்கு ஒரு எடத்துல நிறுத்துனப்ப அண்ணன் எறங்கி போயி ஒரு கோக்கு வாங்கிட்டு வந்தாரு, காச எண்ணி எண்ணி குடுத்துட்டு.